பழங்காலத் துப்பாக்கி நகல்களும் அவற்றின் தரக்குறைபாடுகளும்

பழங்காலத் துப்பாக்கி நகல் என்பது 19-ஆம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ புழக்கத்தில் இருந்த ஒரு துப்பாக்கியை மாதிரியாகக் கொண்டு இன்று புதிதாகச் செய்யப்படும் துப்பாக்கியாகும். இவற்றுள் பெரும்பாலானவை குழலின் வாய்வழியாகக் கருமருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துச் சுடும் வகையைச் சேர்ந்தவை. வரலாற்றுப் போர்களை மீள நடித்துக் காட்டும் குழுவினர், கருமருந்துத் துப்பாக்கிப் போட்டியாளர்கள், வேட்டைக்காரர்கள், அருங்காட்சியகங்கள், திரைப்படக் குழுக்கள், சேகரிப்பாளர்கள் ஆகியோர் இவற்றை வாங்குகின்றனர். தொழிற்சாலைகளில் மொத்தமாகச் செய்யப்படும் நகல்களும், வாங்குபவர் கேட்டபடி ஒரு கைவினைஞர் தனியாகச் செய்து தரும் நகல்களும் சந்தையில் உள்ளன.

தனியாகச் செய்யச் சொல்லி வாங்கும் நகல்களுக்கு விலை அதிகம். முன்பணம் கொடுத்துப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறுதியில் கைக்கு வரும் துப்பாக்கி எதிர்பார்த்ததற்கு மாறாக இருப்பது இத்துறையில் அடிக்கடி எழும் குறையாகும். இதற்கு எப்போதும் ஏமாற்று வேலைதான் காரணம் என்று கூற இயலாது. மூலத் துப்பாக்கிகள் செய்யப்பட்ட காலத்தில் தரத்தைக் காத்தது தனியொருவரின் கைத்திறன் மட்டுமன்று. அரசு முத்திரையிட்ட மாதிரிகள், அளவுகோல்கள், சோதனையாளர்கள், குழல் சோதனைக்கூடங்கள் ஆகியவை சேர்ந்த ஒரு முழு ஏற்பாடு அதைக் காத்தது. இன்று அந்த ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. எனவே சோதனையாளரின் வேலை வாங்குபவரிடமே வந்து சேர்கிறது. அதை அறியாமல் வாங்குவோரே பெரிதும் ஏமாற்றம் அடைகின்றனர்.

நகல் தொழிலின் தோற்றம்

அமெரிக்காவில் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளின் மீதான ஆர்வம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீண்டும் தலைதூக்கியது. தேசிய வாய்வழி மருந்திடும் ரைஃபிள் சங்கம் 1933-இல் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளைக் கொண்டு போட்டி நடத்தும் வடக்கு-தெற்கு ஸ்கர்மிஷ் சங்கம் 1950-இல் உருவானது. தொடக்கத்தில் இச்சங்கங்களின் உறுப்பினர்கள் மூலத் துப்பாக்கிகளையே சுட்டனர். அவை தேய்ந்தும் அரிதாகியும் விலை உயர்ந்தும் போனபோது புதிய நகல்களுக்குத் தேவை ஏற்பட்டது. 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்ட அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நிறைவு இத்தேவையை மேலும் பெருக்கியது.

இத்தேவையை நிறைவு செய்ததில் இத்தாலியின் பிரெஷா மாகாணத்திலுள்ள கார்டோனே வால் ட்ரொம்பியா பள்ளத்தாக்குக்குப் பெரும் பங்கு உண்டு. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில் நடந்துவரும் இப்பகுதியில் பெடர்சோலி நிறுவனம் 1957-இலும் உபெர்ட்டி நிறுவனம் 1959-இலும் தொடங்கப்பட்டன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயங்கிய பார்க்கர்-ஹேல் நிறுவனம் 1970-களில் என்ஃபீல்ட் ரைஃபிள்களின் நகல்களைச் செய்தது. அதற்கு 19-ஆம் நூற்றாண்டின் மூல அளவுகோல்களையே பயன்படுத்தியது. ஜப்பானின் மிரோகு நிறுவனமும் 18-ஆம் நூற்றாண்டு மஸ்கெட்டுகளின் நகல்களைச் செய்துள்ளது. பின்னர் இந்தியாவில் செய்யப்படும் மலிவு விலை மஸ்கெட் நகல்கள் வட அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன.

மறுபுறம், பழைய முறையிலேயே கையால் செய்யும் கலையும் மீட்டெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் வரலாற்று நகரில் பணியாற்றிய வாலஸ் கஸ்லர், இரும்பைக் காய்ச்சிக் குழலாக ஒட்டுவது முதல் திருகாணி செய்வது வரை 18-ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு ரைஃபிளைச் செய்து காட்டினார். அது 1969-இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது. இம்முறையில் ஒரு துப்பாக்கியை முடிக்க நூற்றுக்கணக்கான மணிநேர உழைப்பு தேவைப்படுகிறது. இன்று தனியாகச் செய்து தரும் கைவினைஞர்களில் பலர், கடையில் கிடைக்கும் குழலையும் பொறியையும் வாங்கி, கட்டையையும் மற்ற உறுப்புகளையும் தாமே செய்து பொருத்துகின்றனர். ஆகவே ‘கையால் செய்தது’ என்ற சொல் ஒவ்வொரு பட்டறையிலும் வெவ்வேறு பொருள் தரக்கூடியது.

மூலம் எது என்னும் கேள்வி

நகலின் தரத்தைப் பேசும் முன் அது எதற்கு நகல் என்பதை முடிவு செய்ய வேண்டும். பல ஏமாற்றங்கள் இந்த முதற்படியிலேயே தொடங்குகின்றன.

‘பிரவுன் பெஸ்’ என்ற பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரித்தானியப் படையின் இந்த மஸ்கெட் ஒரே துப்பாக்கியன்று. நூறாண்டுக்கு மேல் வழங்கிய பல மாதிரிகளின் பொதுப்பெயர். இதன் நீண்ட மாதிரியின் குழல் 46 அங்குலம், 1769-இல் ஏற்கப்பட்ட குறுகிய மாதிரியின் குழல் 42 அங்குலம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவாக்கப்பட்டு, பிரெஞ்சுப் போர்க்காலத்தில் பிரித்தானியப் படையும் ஏற்றுக்கொண்ட ‘இந்தியா மாதிரி’யின் குழல் 39 அங்குலம். குழலின் உள்விட்டம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ 0.75 அங்குலம். கட்டையின் வடிவம், பித்தளை உறுப்புகள், பொறியின் தகடு ஆகியவை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். 1775-இல் பாஸ்டனில் இருந்த படைவீரராக நடிப்பவர் இந்தியா மாதிரியைத் தோளில் சாய்த்து நின்றால், 20 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆயுதத்தை ஏந்தி நிற்கிறார் என்று பொருள்.

பொறித்தகட்டில் உள்ள எழுத்துகளும் இவ்வாறே. ஒப்பந்தக்காரர் பெயரையும் ஆண்டையும் பொறித்தகட்டில் பொறிக்கும் வழக்கத்தைப் பிரித்தானியப் படைக்கல வாரியம் 1764-இல் கைவிட்டது. அதன்பின் ‘டவர்’ என்ற சொல் மட்டும் இடம்பெற்றது. ஆனால் 1769-ஆம் ஆண்டு மாதிரியின் வடிவமும் ‘கிரைஸ் 1762’ என்ற எழுத்தும் சேர்ந்த நகல்கள் நீண்டகாலமாக விற்பனையில் உள்ளன. இவ்விரண்டும் ஒரே துப்பாக்கியில் சேர வழியில்லை.

அமெரிக்காவின் ‘ஹாக்கன்’ ரைஃபிளின் நிலையும் இதுவே. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைப்பகுதி ரைஃபிள்கள் கனமான எண்கோணக் குழலும் பெரும்பாலும் இரும்பு உறுப்புகளும் கொண்டவை. 1970-களுக்குப் பின் இப்பெயரில் விற்கப்பட்ட பல துப்பாக்கிகள் பித்தளை உறுப்புகளும் குட்டையான குழலும் கொண்டிருந்தன. அவை சுடுவதற்கு நன்றாகவே இருந்தன; ஆனால் நகல்கள் அல்ல. ‘ஹாக்கன் வேண்டும்’ என்று மட்டும் சொல்லிப் பணம் கட்டியவருக்கு எது வரும் என்பது செய்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது.

பென்சில்வேனியாவில் ஜெர்மானிய வழிவந்த கைவினைஞர்கள் வளர்த்த நீண்ட ரைஃபிளுக்கு முத்திரை மாதிரி என்று எதுவுமே இல்லை. ஒவ்வொன்றும் தனிப்படைப்பு. எனவே இன்றைய நகல்களை இரு வகையாகப் பிரிக்கின்றனர். எஞ்சியுள்ள ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியை அளந்து அப்படியே செய்வது ஒன்று. அக்காலப் பாணியில் செய்பவர் தம் கற்பனைக்கு இடம் கொடுத்துச் செய்வது மற்றொன்று. முதல் வகையை எதிர்பார்ப்பவருக்கு இரண்டாம் வகை வந்தால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இன்று எஞ்சியுள்ள மூலங்களும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. பல துப்பாக்கிகளின் குழல்கள் பிற்காலத்தில் வெட்டிக் குறைக்கப்பட்டன. சிக்கிமுக்கிக் கல் பொறிகள் 19-ஆம் நூற்றாண்டில் தொப்பி வெடிப்பொறிகளாக மாற்றப்பட்டன. பின்னாளில் சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் பழையபடி மாற்றப்பட்டன. அத்தகைய ஒன்றை அளவெடுத்துச் செய்த நகலில் அந்த மாற்றங்களும் சேர்ந்தே வந்துவிடும்.

அன்றைய தரம் காக்கப்பட்ட முறை

18-ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் ஒரு மஸ்கெட்டை ஒரே ஆள் செய்யவில்லை. குழல் செய்பவர், பொறி அராவுபவர், பித்தளை வார்ப்பவர், கட்டை செதுக்குபவர், இறுதியில் எல்லாவற்றையும் பொருத்துபவர் என வேலை பல தொழில்களாகப் பிரிந்திருந்தது. படைக்கல வாரியம் உறுப்புகளைத் தனித்தனியே ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கி, லண்டன் கோபுரத்தில் சேமித்து, பின்னர் பொருத்தச் செய்தது. முத்திரையிட்ட ஒரு மாதிரித் துப்பாக்கி அலுவலகத்தில் இருந்தது. ஒவ்வொரு உறுப்பையும் சோதனையாளர்கள் அதனுடன் ஒப்பிட்டனர். பொருந்தாதவை திருப்பி அனுப்பப்பட்டன. ஒப்பந்தக்காரரின் பெயரைவிடச் சோதனையாளரின் மறுப்புதான் தரத்தைக் காத்தது.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலை இயந்திரங்களுக்கும் அளவுகோல்களுக்கும் மாறியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசுத் தொழிற்சாலைகள் 1842-ஆம் ஆண்டு மாதிரி மஸ்கெட்டை, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவாறு செய்தன. அமெரிக்க இயந்திரங்களை வாங்கி நிறுவிய என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலை, 1850-களின் பிற்பகுதியில் 1853-ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளை இதே முறையில் செய்யத் தொடங்கியது. 1857-இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்த ரைஃபிளுக்கு உரியவையே. பர்மிங்காம், லண்டன் ஒப்பந்தக்காரர்கள் அதே மாதிரியைக் கையால் செய்தபோது, உறுப்புகள் இவ்வாறு மாற்றிப் பொருத்தக்கூடியவையாக இல்லை. ஆகவே ‘1853 என்ஃபீல்ட்’ என்று கேட்பவரும் எந்தத் தயாரிப்பு என்று குறிப்பிட வேண்டியுள்ளது.

இன்றைய தனிப் பட்டறையில் முத்திரை மாதிரி இல்லை. உறுப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரியும் இல்லை. செய்பவரே சோதிப்பவராகவும் இருக்கிறார். முன்பணம் செலவழிந்த நிலையில், தாம் செய்த கட்டையைத் தாமே நிராகரித்துப் புதிதாகத் தொடங்கக் கூடியவர் சிலரே.

வழக்கமாகக் காணப்படும் குறைகள்

கட்டை

முதற்பார்வையில் தெரியும் குறை கட்டையின் பருமன். மூலத் துப்பாக்கிகளின் கட்டை, குறிப்பாகக் குழலின் இருபுறமும் பொறியைச் சுற்றியும், வியப்பூட்டும் அளவுக்கு மெலிந்திருக்கும். நகல்களில் அது தடித்து உருண்டிருக்கும். மரத்தைக் குறைப்பது கைவேலை, நேரம் பிடிக்கும். கடைசி மெல்லிய அடுக்கைச் சீவும்போது கட்டை உடைந்தால் அதுவரையிலான உழைப்பும் வீணாகும். ஆகவே மரத்தை விட்டுவைப்பது செய்பவருக்கு நேரத்தையும் துணிவையும் மிச்சப்படுத்துகிறது. வாங்குபவருக்கு முன்பக்கம் கனக்கும் துப்பாக்கி கிடைக்கிறது.

மரமும் இரும்பும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி அடுத்த குறை. நல்ல வேலையில் பொறித்தகடும் அடித்தகடும் மரத்திற்குள் வளர்ந்ததுபோல் அமர்ந்திருக்கும். அவசர வேலையில் இடைவெளியைப் பசையும் மரத்தூளும் கொண்டு அடைத்துச் சாயம் பூசியிருப்பர். இது தோற்றத்தை மட்டும் பாதிப்பதில்லை. குழலின் பின்முனை மரத்தில் சரியாக அமராவிட்டால், சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பு ஒரே புள்ளியில் விழுந்து கட்டை பிளக்கும்.

மரவகையும் கவனிக்கத்தக்கது. பிரித்தானிய, பிரெஞ்சு மஸ்கெட்டுகளுக்கு வால்நட் மரமும், பென்சில்வேனிய ரைஃபிள்களுக்குப் பெரும்பாலும் மேப்பிள் மரமும் பயன்பட்டன. இந்திய நகல்களில் ஈட்டி இனத்தைச் சேர்ந்த மரங்கள் இடம்பெறுவதுண்டு. அவை உறுதியானவை, ஆயினும் எடையிலும் நார் அமைப்பிலும் வேறுபட்டவை. எண்ணெய் தேய்த்த மேற்பரப்புக்குப் பதில் பளபளக்கும் நவீன வார்னிஷ் பூசினால் நல்ல வால்நட்டும் நாற்காலிக் கால்போல் தோன்றும்.

பொறி

சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் விசையை இழுத்ததும், கல்லைக் கவ்விய சுத்தியல் ஃபிரிசன் எனப்படும் எஃகுத் தகட்டில் உரசுகிறது. கல் எஃகிலிருந்து நுண்துகள்களைச் சீவுகிறது. அவை காற்றில் எரிந்தபடி மருந்துக் கிண்ணத்தில் விழுகின்றன. எனவே ஃபிரிசனின் முகம் கல்லுக்கு ஏற்ற கடினத்துடன் இருக்க வேண்டும். மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும், பொறி பறக்காது. சரியாகப் பதப்படுத்தாத ஃபிரிசன் மலிவு நகல்களின் மிகப் பரவலான குறைகளில் ஒன்று. சுத்தியலின் வில்லும் ஃபிரிசனின் வில்லும் ஒன்றுக்கொன்று ஒத்த வலிமையில் இல்லாவிட்டாலும் இதே விளைவுதான்.

பாதிச் சுத்தியல் நிலை என்பது பாதுகாப்புக்கான நிறுத்தம். அந்தக் காடி ஆழமாகவும் கடினமாகவும் இல்லாவிட்டால் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும். இக்குறை வெளிப்பார்வைக்குத் தெரியாது.

வார்ப்பு முறையால் வரும் ஒரு குறையும் உண்டு. இன்றைய பொறி உறுப்புகள் பல, சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளுக்குக் கையாளும் மெழுகு வார்ப்பின் தொழிற்சாலை வடிவத்தில் செய்யப்படுகின்றன. ஒரு மூல உறுப்பையே அச்சாக வைத்து வார்த்தால், மெழுகும் உலோகமும் ஆறும்போது சுருங்குவதால் நகல் சற்றுச் சிறியதாகும். அந்த நகலையே அச்சாக வைத்து மீண்டும் வார்த்தால் சுருக்கம் கூடும். துளைகளின் இடைவெளி மாறும். உறுப்புகள் ஒன்றோடொன்று உரசும். நல்ல வார்ப்பகம் இச்சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்யும்.

குழல்

மூலக் குழல்களின் வெளிவடிவம் சீரானதன்று. பல அமெரிக்க ரைஃபிள்களின் எண்கோணக் குழல் பின்முனையில் தடித்து, நடுவே மெலிந்து, வாயருகே மீண்டும் சற்று விரியும். துப்பாக்கியின் சமநிலை இதைப் பொறுத்தது. நேரான குழலை வாங்கிப் பொருத்துவது எளிது; விலையும் குறைவு. ஆனால் துப்பாக்கி கையில் கனக்கும்.

ரைஃபிளிங் எனப்படும் உட்சுருள் பள்ளங்களும் குண்டின் போக்கைத் தீர்மானிப்பவை. 1853 என்ஃபீல்டின் 39 அங்குலக் குழலில் 3 பள்ளங்கள் 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற விகிதத்தில் அமைந்திருந்தன. வாயை நோக்கிப் பள்ளத்தின் ஆழம் குறைந்துகொண்டே செல்லும் முறையும் பின்னர் கையாளப்பட்டது. சில நகல்களில் 48 அங்குலத்திற்கு ஒரு சுற்றும் ஒரே ஆழமும் உள்ளன. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது, இலக்கில் தெரியும். பன்னாட்டுக் கருமருந்துப் போட்டிகளில் மூலங்களுக்கும் நகல்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. நகல் மூலத்தின் தன்மையை ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. பொருந்தாத நகலை வாங்கியவர் களத்திலிருந்தே விலக்கப்படலாம்.

பற்றுவாய் எனப்படும் தீத்துளையின் இடம் மற்றொன்று. அது மருந்துக் கிண்ணத்திற்குச் சரியான உயரத்தில் அமைய வேண்டும். மிகத் தாழ்ந்தோ பின்தள்ளியோ இருந்தால் தீ தாமதமாகப் பாயும் அல்லது பாயவே பாயாது. துளையிட்ட பின் இத்தவற்றைத் திருத்துவது கடினம்.

பாதுகாப்புச் சோதனை

தோற்றக் குறை பணத்தை வீணாக்கும்; குழலின் குறை உயிரைப் பறிக்கும். எனவேதான் ஐரோப்பாவில் குழல் சோதனை சட்டமாக்கப்பட்டது. லண்டன் துப்பாக்கி செய்வோர் குழுமம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கமான அளவைவிட மிகுந்த அழுத்தம் தரும் மருந்திட்டு வெடித்து, தாங்கிய குழல்களுக்கு மட்டும் அங்கு முத்திரை குத்தப்படுகிறது. 1914-இல் தொடங்கிய பன்னாட்டுச் சோதனை ஆணையத்தின் உறுப்பு நாடுகள் ஒன்றின் முத்திரையை மற்றொன்று ஏற்கின்றன. கார்டோனேயில் இத்தாலியின் தேசியச் சோதனைக்கூடம் இயங்குகிறது. இத்தாலிய நகல்களின் குழலில் காணப்படும் சிறு எழுத்துக் குறியைக் கொண்டு சோதனை நடந்த ஆண்டையும் அறியலாம்.

அமெரிக்காவில் இத்தகைய கட்டாய அரசுச் சோதனை இல்லை. அங்குள்ள தனிக் கைவினைஞர் செய்யும் துப்பாக்கியின் பாதுகாப்பு, குழல் செய்தவரின் நற்பெயரையும் பொருத்தியவரின் கவனத்தையும் பொறுத்தே அமைகிறது. இந்தியாவிலிருந்து செல்லும் நகல்கள் பல, பற்றுவாய்த் துளை இடப்படாமல், சுட முடியாத காட்சிப் பொருளாக அனுப்பப்படுகின்றன. இதனால் ஏற்றுமதியும் இறக்குமதியும் எளிதாகின்றன. ஆனால் காட்சிப் பொருளாக விற்கப்பட்ட குழலைச் சுடுவதற்கேற்ற குழல் என்று எவரும் உறுதி கூறியிருப்பதில்லை. பின்னர் துளையிடுபவரே அந்தப் பொறுப்பை ஏற்கிறார். துளையிட்ட குழலைத் தகுதிவாய்ந்த துப்பாக்கி வல்லுநர் சோதிக்கும் வரை அதில் மருந்திடக் கூடாது.

குழலின் பின்முனையை அடைக்கும் திருகாணி முழுமையாக அமராவிட்டால், அங்கே எரிமருந்துக் கசடு தங்கி அரிப்பை உண்டாக்கும். கருமருந்துக்காகச் செய்த துப்பாக்கியில் புகையிலா நவீன வெடிமருந்தை இடுவது, நகல் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், பெரும் விபத்தில் முடியக்கூடியது.

நவீன முத்திரைகளும் போலிகளும்

சட்டப்படி தேவையான சோதனை முத்திரைகள், செய்தவர் பெயர், எச்சரிக்கை வாசகங்கள் ஆகியவை குழலின் மேற்புறத்தில் பெரிதாக இருந்தால் வரலாற்றுத் தோற்றம் கெடும். மீள்நடிப்புக் குழுவினர் இவ்வாறு காலத்துக்கு ஒவ்வாதவற்றை ‘ஃபார்ப்’ என்று கேலியாகச் சொல்வர். நகலிலிருந்து அவற்றை நீக்கி, கட்டையைச் சீவி, பழைய முடிப்பைக் கொடுத்துத் தரும் பட்டறைகளும் உள்ளன. பாதுகாப்புக்கும் தோற்றத்துக்கும் இடையே பல கைவினைஞர்கள் கண்ட வழி, முத்திரைகளைக் கட்டைக்குள் மறையும் குழலின் அடிப்பக்கத்தில் இடுவதாகும்.

முத்திரையே இல்லாத, செயற்கையாக முதுமை ஏற்றிய நல்ல நகல் வேறொரு தீங்கை விளைவிக்கிறது. சில கைகள் மாறியபின் அது மூலமாகவே விற்கப்படலாம். எனவே பொறுப்பான கைவினைஞர்கள் தம் பெயரையும் ஆண்டையும் எங்கேனும் ஓரிடத்தில் பொறித்து வைக்கின்றனர். அதை மறுப்பவரிடம் வாங்குவது நகல் சந்தையை மட்டுமன்றி வரலாற்றுச் சான்றுகளையும் கெடுக்கத் துணைபோவதாகும்.

விலை, காலம், ஒப்பந்தம்

தனியாகச் செய்விக்கும் வேலையில் தகராறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் எழுகின்றன. முதலாவது காலம். ஒற்றை ஆள் பட்டறைகளில் வரிசை நீளமானது. உடல்நலக் குறைவு, உறுப்பு வராத தாமதம் என எதுவும் வரிசை முழுவதையும் தள்ளிப்போடும். இரண்டாவது முன்பணம். புதிய முன்பணத்தைக் கொண்டு பழைய வேலைக்குச் செலவிடும் பட்டறை ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மூன்றாவது விவரமின்மை. விளம்பரத்தில் காட்டிய படம், அதே கைவினைஞரின் மிகச் சிறந்த, மிக விலையுயர்ந்த வேலையாக இருக்கலாம். வாங்குபவர் அதை மனத்தில் வைத்து அதற்குப் பாதி விலை கொடுத்திருப்பார்.

நுகர்வோர் சட்டங்கள் ஓரளவு துணை செய்கின்றன. பிரித்தானியாவின் நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-இன்படி பொருள் நிறைவான தரத்திலும், நோக்கத்துக்கு ஏற்றதாகவும், விவரித்தபடியும் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து வாங்கிய பொருளை மனம் மாறி 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை, வாங்குபவரின் குறிப்புப்படி செய்த பொருளுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே நிலை. ஆயினும் குறையுள்ள பொருளுக்கான உரிமை தனியாகச் செய்த பொருளுக்கும் உண்டு. அமெரிக்காவின் சீர்மை வணிகச் சட்டத்தில், விற்பவர் தந்த விவரணையும் காட்டிய மாதிரியும் ஒப்பந்தத்தின் அடிப்படையாக அமைந்தால் அவை உத்தரவாதமாகவே கருதப்படும். ஆகவே எழுதி வாங்கிய விவரம் ஒவ்வொன்றும் பின்னாளில் சான்றாகும். ‘பிடிக்கவில்லை’ என்பது வழக்காகாது. ‘42 அங்குலக் குழல் என்று எழுதியிருக்க 39 அங்குலம் வந்தது’ என்பது வழக்காகும்.

துப்பாக்கிச் சட்டம் இதிலிருந்து வேறானது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898-ஆம் ஆண்டுக்குள் செய்யப்பட்டவற்றையும், நவீனத் தோட்டாவைப் பயன்படுத்தாத அவற்றின் நகல்களையும் பழம்பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் மாறுபடலாம். பிரித்தானியாவில் உண்மையான பழம்பொருளுக்கு உள்ள விலக்கு சுடக்கூடிய புதிய நகலுக்கு இல்லை. அதற்குச் சான்றிதழ் தேவை. இந்தியாவின் படைக்கலச் சட்டம் 1959, பழுதுபார்த்தும் சுட முடியாத தொன்மையான ஆயுதங்களுக்கே விலக்கு அளிக்கிறது. வாய்வழி மருந்திடுவது என்பதால் மட்டும் ஒரு துப்பாக்கி உரிமத்திலிருந்து தப்புவதில்லை.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

• மாதிரியின் பெயரோடு ஆண்டு, தயாரிப்பிடம், குழல் நீளம், உள்விட்டம், மரவகை, உலோக முடிப்பு ஆகியவற்றை எழுத்தில் குறிப்பிடுதல். முடிந்தால் அருங்காட்சியகத்தில் உள்ள குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியை மூலமாகச் சுட்டுதல்.

• ஆணை தருமுன் மூலங்களை நேரில் பார்த்தல். லீட்ஸ் நகரிலுள்ள அரச படைக்கல அருங்காட்சியகம், ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலை அருங்காட்சியகம் ஆகியவை இதற்குச் சிறந்தவை. கம்பெனிக் காலத்து ஆயுதங்களைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் காணலாம்.

• கைவினைஞர் எந்த உறுப்புகளைத் தாமே செய்கிறார், எவற்றை வாங்கிப் பொருத்துகிறார் என்று கேட்டறிதல். குழலையும் பொறியையும் செய்தவர் பெயரைப் பெறுதல்.

• அவரது பழைய வேலை ஒன்றையேனும் கையில் எடுத்துப் பார்த்தல். படத்தில் எடையும் சமநிலையும் தெரியாது.

• முழுத்தொகையையும் முன்கூட்டித் தராமல் வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துத் தருதல். கட்டைக்குச் சாயமும் எண்ணெயும் பூசுமுன் படங்களைக் கேட்டல். அந்த நிலையில் இடைவெளிகள் மறைவதில்லை, திருத்தவும் இயலும்.

• துப்பாக்கி வந்தவுடன், சுடுவதற்கு முன், அளந்து படமெடுத்து வைத்தல். பொறி, பாதிச் சுத்தியல் காடி, பின்முனைத் திருகாணி, பற்றுவாய் ஆகியவற்றைத் தகுதியுள்ள வல்லுநரிடம் சோதித்தல். குறை இருந்தால் உடனே எழுத்தில் தெரிவித்தல்.

இந்த ஒவ்வொரு படியும் பழைய படைக்கல வாரியம் செய்த வேலையின் சிறு வடிவமே. முத்திரை மாதிரியின் இடத்தில் எழுதிய குறிப்பும், சோதனையாளரின் இடத்தில் இடைக்காலப் படங்களும் வல்லுநரின் கண்ணும் வருகின்றன.

தரக்குறைவின் விளைவு

மோசமான நகலால் வாங்கியவர் மட்டும் இழப்பதில்லை. வரலாற்று நிகழ்ச்சிகளிலும் திரைப்படங்களிலும் மக்கள் காண்பது பெரும்பாலும் நகல்களையே. தடித்த கட்டையும் பற்றாத பொறியும் கொண்ட துப்பாக்கியைப் பார்ப்பவர், அக்காலப் படைவீரர்கள் கனத்த, நம்பகமற்ற கருவியோடு போரிட்டதாக எண்ணிக்கொள்வர். அக்குறை மூலத்தினுடையதன்று, அவசரமாகச் செய்த நகலினுடையது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. மெலிந்த கட்டையும் பதமான எஃகும் கொண்ட நல்ல நகலைக் கையில் எடுப்பவரோ, பெயர் தெரியாத பல தொழிலாளர்களின் திறனை நேரடியாக உணர்கிறார்.